கோமதி என்று அழைத்தால்

ஆடித் தபசு அன்று பிற்பகலில், அம்பாள் தபசு மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தரும் வேளையை எதிர்நோக்கிச் சங்கரன்கோவிலின் ரத வீதிகளெல்லாம் ஜனங்களால் நிறைந்திருக்கையில், மேளமும் நாகஸ்வரமும், தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் சூறைவிடும் சம்சாரிகளின் ஆரவாரமும், பலூன்காரரின் ஊதலும், கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தைகளின் பெயர்களை ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றோடொன்று கலந்து எழுப்புகிற பேரிரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் சொல்வதே பாதிதான் காதில் விழும். அந்த இரைச்சலுக்குள் வளையல் கடை ஓரத்திலிருந்து ஒரு தாய், "ஏட்டி கோமு!" என்று ஒரே ஒரு முறை குரல் கொடுக்கிறாள். சற்றுத் தொலைவில் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டு நின்ற சிறுமி சட்டென்று திரும்புகிறாள். அவளோடு கூட வேறு சில பெண்களும் திரும்புகிறார்கள். கோமதி என்னும் அம்பாளின் திருநாமம் வீட்டுக்கு வீடு வழங்குகிற ஊர் அல்லவா? ஆனால் அவர்கள், அது தம்மை அழைக்கும் குரல் அன்று என்பதைக் கணப்பொழுதில் அறிந்து, மறுபடியும் தத்தம் பேச்சில் ஆழ்ந்துவிடுகிறார்கள்.

நாள்தோறும் நிகழ்வதாலேயே எவரும் வியவாத இந்தக் காரியத்தில் மூளை செய்து முடிக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பிரமிப்பு உண்டாகிறது. நூறு ஓசைகள் கலந்து வந்து மோதும் செவிப்பறையிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் குரல் உச்சரித்த இரண்டு எழுத்து ஒரு பெயர் என்று தெளிய வேண்டும். அந்தப் பெயர் தன்னுடையது என்று உணர வேண்டும். உணர்ந்தபின், அழைத்த குரல் தனக்குப் பரிச்சயமானதா என்றும் தீர்மானிக்க வேண்டும். இத்தனையும், ராட்டினத்தின்மேல் பதிந்திருந்த கவனம் கலைவதற்கு முன்பே, அந்தக் கவனத்தைக் கலைக்கத்தக்க விஷயம்தானா இது என்று நிச்சயிப்பதற்காக, பிரக்ஞையின் வாசலுக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகின்றன.

இதை முறையாக ஆராயத் தொடங்கியவர் காலின் செரி என்ற ஆங்கிலேயர். 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பரிசோதனைகளில், ஒருவருடைய இரு காதுகளிலும் ஒலிக்கருவியைப் பொருத்தி, வலக்காதில் ஒரு பேச்சையும் இடக்காதில் வேறொரு பேச்சையும் ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லும்படி பணித்தார். அவ்வாறு சொன்னவர்கள், மற்றக் காதில் பேசப்பட்டது எந்த மொழி என்பதைக்கூடச் சொல்ல இயலாதவர்களாக இருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1959இல், நெவில் மோரே என்பவர் அதே பரிசோதனையில், கவனிக்கப்படாத காதினுள் கேட்பவரின் சொந்தப் பெயரையே நுழைத்துப் பார்த்தார். பல முறை திரும்பத் திரும்ப ஒலித்த சாதாரணச் சொற்கள்கூடச் சித்தத்தில் தங்காமல் நழுவிப்போன அந்தக் காதின் வழியே, பெயர் மட்டும் உள்ளே புகுந்து, ஏறத்தாழ மூவரில் ஒருவரைத் தட்டி எழுப்பிவிட்டது.

மூவரில் ஒருவர்தானா என்று கேட்கத் தோன்றும். 2001இல் வந்த ஓர் ஆராய்ச்சி அதற்கு விடை கூறுகிறது. ஒரே சமயத்தில் பல விஷயங்களை மனத்தில் நிறுத்திக் கையாளும் வல்லமை மிகுந்தவர்களில் 20 சதவீதத்தினரே தம் பெயரைக் கேட்டார்கள். அந்த வல்லமை குறைந்தவர்களில் 65 சதவீதத்தினர் கேட்டார்கள். அதாவது, சித்தத்தை ஒருமுகமாக நிறுத்தக் கற்றவர்கள், தம் சொந்தப் பெயரையும் வாசலிலேயே தடுத்துவிடும் சக்தி பெற்றிருந்தார்கள். 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திச் சபையோரைத் திகைக்க வைத்த நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலரை இப்படிப்பட்ட பரிசோதனைக்கு உட்படுத்தியிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆவல் உண்டு. எழுப்பப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் செவியைத் திறந்து வைத்துக்கொண்டே, தன்னைக் கலைக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே செவியை மூடிக்கொள்ளவும் தெரிந்திருந்தாலன்றி, அவதானக் கலை ஒருவருக்குச் சித்திப்பது எவ்வாறு?

உறக்கத்திலும் இந்தக் காவல் ஓய்வதில்லை. உறங்குகிறவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தபடி பெயர்களை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்த ஆராய்ச்சி 1960இல் வந்தது. பிறர் பெயர்களுக்கு அசையாத அலைகள் சொந்தப் பெயருக்கு அசைந்தன. மூளை பாதிக்கப்பட்டு, கண் திறந்திருந்தும் பேச்சும் செயலும் அற்றுக் கிடக்கும் நோயாளிகள் சிலரிடத்திலும் சொந்தப் பெயர் மின்னலைகளில் ஒரு சலனத்தை உண்டாக்கியதை 2006இல் ஐரோப்பிய வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். தொடக்கமும் அவ்வளவு முற்பட்டதே: பிறந்து நாலரை மாதமான குழந்தைகள், 'அம்மா' என்ற சொல்லின் பொருளையும் இன்னும் அறியாத அந்தப் பருவத்திலேயே, தம் பெயரை மற்றப் பெயர்களைவிட அதிக நேரம் உற்றுக் கேட்கின்றன என்பது 1995இல் நிரூபிக்கப்பட்டது. பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மும்முறை அதன் பெயரை ஓதுகிற நம் வழக்கத்தின் தாத்பரியம் வேறாயினும், அந்தச் செவி தன் வேலையைத் தொடங்கக் காலதாமதம் செய்வதில்லை.

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களுக்குள் நுழைந்தவர்கள் இதை இன்னொரு விதத்தில் பிரத்தியட்சமாகக் காணலாம். தறிகள் அனைத்தும் ஓடும்போது எழும் சப்தத்தில், புதிதாக வந்தவருக்குத் தன் குரலே தனக்குக் கேட்பதில்லை. ஆயினும் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கூடத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால், அவள் தலை நிமிர்கிறாள். அவளுடைய காது மற்றவர் காதைவிடக் கூர்மையானது அன்று. தறிச் சத்தம் அவளுடைய காதையும் நாளடைவில் மந்தப்படுத்தவே செய்யும். அறிந்த பெயரின் ஓசை வடிவம் மூளையில் முன்கூட்டியே ஆயத்தமாக நிற்பதால், வந்து சேரும் சிதைந்த ஒலியிலிருந்து இரண்டொரு அசை கிடைத்தாலே எஞ்சியதை அது பூர்த்தி செய்துகொள்கிறது.

பெயரைக் கேட்டறிவது இவ்வளவு உறுதியானதாக இருக்க, பெயரை நினைவுகூர்ந்து சொல்வது ஏன் இவ்வளவு தளர்ச்சியுடையதாக இருக்கிறது? எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது, அவர் மகளுக்குப் புளியங்குடியில் சம்பந்தம் செய்தது தெரிகிறது. பெயர் மட்டும் நாவின் நுனியில் நின்று வர மறுக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களில் இந்தச் சங்கடத்தை அறியாதவர் இருக்க முடியாது.

அறிதல் எப்படி நடக்கிறது என்பதற்கு விக்கி புரூஸ், ஆண்டி யங் என்ற இருவர் 1986இல் வகுத்துக் காட்டிய முறை இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது. முகம் முதலில் 'தெரிந்தது' என்று அடையாளமாகிறது. அதன்பின் அந்த மனிதரைப் பற்றிய செய்திகள், அவர் தொழில், உறவு, குணம் எல்லாம் திறக்கின்றன. பெயர் அவற்றுக்கெல்லாம் அப்பால், கடைசிப் படியில் இருக்கிறது. ஆகையால்தான் செய்திகள் எல்லாம் வந்தும் பெயர் வராமற்போவது சாதாரணமாக இருக்க, பெயர் மட்டும் வந்து செய்தி எதுவும் வராமற்போவது அபூர்வமாக இருக்கிறது. இத்தாலியில் கார்லோ செமென்ஸாவும் அவருடைய துணை ஆராய்ச்சியாளரும் 1988இல் விவரித்த ஒரு நோயாளி, மூளையின் இடப்பாகத்தில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பிறகு, மற்றப் பேச்சு நன்றாக இருந்தும், மனிதர்களின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் மட்டும் சொல்ல இயலாதவராக ஆனார். இன்னார் யார், என்ன செய்கிறவர் என்று கேட்டால் பிழையின்றி விளக்குவார். 1996இல் அமெரிக்காவில் டமாசியோ தம்பதியரும் அவர்களுடைய குழுவினரும், மூளையின் இடப்பக்கப் பொட்டு மடலின் முன்முனையில் சேதமடைந்தவர்களுக்கே மனிதர் பெயர் சொல்வதில் இடர் மிகுதி என்பதையும், விலங்குகளின் பெயர்களும் கருவிகளின் பெயர்களும் தடைப்படுவது அதற்குப் பின்னால் உள்ள பகுதிகள் கெடும்போதுதான் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள்.

இன்னும் ஆழத்தில், மூளையின் நடுப்பகுதியில், மனிதரை மனிதராகவே அறியும் உயிரணுக்களும் இருக்கின்றன. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை செய்வதற்காக மூளையினுள் நுண்கம்பிகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளைக்கொண்டு, 2005இல் ரோட்ரிகோ கிரோகாவும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆராய்ச்சியில், ஓர் ஆங்கிலத் திரைப்பட நடிகையின் நிழற்படங்களுக்கெல்லாம் துடித்த ஓர் உயிரணு, அவருடைய பெயரை எழுத்தில் காட்டியபோதும் துடித்தது. உருவமும் எழுத்தும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. காதால் கேட்ட பெயரும் அவ்விடத்துக்கே வந்து சேர்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

பரிச்சயம் என்பது வெறும் அறிவு அன்று, அதில் ஓர் உணர்ச்சியும் கலந்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் ஆராய்ந்த ஓர் இளைஞர், விபத்தில் மூளை அடிபட்டு மீண்ட பின், தம் தாயைப் பார்த்து, 'பார்வைக்கு என் தாய் போலத்தான் இருக்கிறாள், ஆனால் இவள் வேறு யாரோ' என்று சாதித்தார். அதே தாய் தொலைபேசியில் பேசினால், ஐயமே இன்றித் தாய் என்று ஏற்றுக்கொண்டார். முகத்தைக் கண்டறியும் பகுதியிலிருந்து உணர்ச்சியின் இருப்பிடத்துக்குச் செல்லும் பாதை அறுந்துபோயிருக்க, குரலைக் கண்டறியும் பகுதியிலிருந்து செல்லும் பாதை பழுதுபடாமல் இருந்திருக்க வேண்டும் என்று ராமச்சந்திரன் அதற்கு விளக்கம் தந்தார். கண் கைவிட்ட இடத்தில் செவி தாயைக் காப்பாற்றித் தந்தது என்பதை எண்ணும்போது, அழைக்கும் குரலுக்கு நாம் கொடுக்க வேண்டிய மதிப்பு இன்னும் கூடுகிறது.

பெயர் நழுவுவதன் காரணத்துக்கு வருவோம். 1987இல் பிரிட்டனில் செய்யப்பட்ட ஒரு பரிசோதனை மிகவும் எளிமையானது; ஆனால் அதன் முடிவு மறக்க முடியாதது. ஆங்கிலேயரிடையே 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் வழங்கும், ரொட்டி சுடுகிறவரையும் குறிக்கும். அறியாத முகங்களைக் காட்டி, ஒரு முகத்துக்குரியவர் பெயர் பேக்கர் என்றும், வேறொரு முகத்தின் தொழில் ரொட்டி சுடுவது என்றும் இவ்வண்ணம் பலவற்றைக் கற்பித்தார்கள். அதே சொல் தொழிலாகச் சொல்லப்பட்டபோது நினைவில் நின்றது. பெயராகச் சொல்லப்பட்டபோது நழுவியது. தொழில் என்றதும் அடுப்பும் மாவும் விடியற்காலையும் உடன் வருகின்றன. பெயர் என்றால் ஒன்றும் உடன் வருவதில்லை. ஆணி இல்லாத சுவரில் சட்டையைத் தொங்கவிட முயல்வது போன்றது அது.

இங்கேதான் சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் பெயரிடும் மரபு என் கவனத்தை ஈர்த்தது. கோமதி, கோமதிநாயகம், சங்கரன், சங்கரலிங்கம், சங்கரபாண்டியன், ஆவுடையம்மாள் என்று ஒரு சந்நிதியைச் சுற்றியே பெயர்கள் அமைந்திருப்பது, வெளியூர்க்காரருக்குக் குழப்பத்தை விளைவிப்பதாகத் தோன்றும். மூளைச் சாஸ்திரத்தின்படி பார்த்தாலும், ஒரே அடையாளத்தோடு பலர் பிணைந்திருந்தால் ஒருவரைத் தேடியெடுப்பது தாமதமாகத்தானே வேண்டும்? ஆனால் ஊரில் யாரும் கோமதியை வெறும் கோமதி என்று சொல்வதில்லை. மேலத்தெருக் கோமதி, பூக்கடைக் கோமதி, வாத்தியார் வீட்டுக் கோமதி, ராசபாளையத்தில் வாக்கப்பட்ட கோமதி என்று சொல்கிறார்கள். பெயரோடு தெருவும் தொழிலும் உறவும் ஒட்டி வருகின்றன. பேக்கர் பரிசோதனையில் பெயருக்கு எது இல்லாமல் இருந்ததோ, அதை இந்த ஊர் தன் பேச்சு வழக்கிலேயே பெயருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டது. இதனோடு, பாட்டனார் பெயரைப் பேரனுக்கும் பாட்டியின் பெயரைப் பேத்திக்கும் இடும் வழக்கமும் சேர்ந்ததனால், வீட்டில் ஒரு குழந்தை பிறந்தபோது முதியவர் புதிய ஓசை ஒன்றைக் கற்க வேண்டியிருந்ததில்லை. தம் கணவரின் பெயரையோ மாமியாரின் பெயரையோ சுமந்து வந்த குழந்தையை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இதற்கு எதிரானதல்லவா என்று கேட்கலாம். அந்தக் கட்டுப்பாடு பெண்களின்மேல் சுமத்தப்பட்ட பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. அது ஒழிந்தது நன்றே. ஆனால் அதன் பயனாக, மாமனாரின் பெயரைத் தாங்கிய மகனை அழைக்க மருமகள் வேறொரு செல்லப்பெயரைத் தேடிக்கொண்டாள். ராசா என்றும், துரை என்றும், பெரியவன் என்றும் ஒருவனுக்கே இரண்டு மூன்று பெயர்கள் கிளைத்தன. ஒரு பெயர் மங்கினாலும் மற்றொன்று துணைக்கு நின்றது.

ஒரு வீட்டுப் பிள்ளையை அழைக்க எண்ணிய ஆச்சி, அவனுடைய அப்பன் பெயர், சித்தப்பன் பெயர், அக்காள் பெயர் என்று வரிசையாகச் சொல்லித் திணறி, கடைசியில் அவனிடம் வந்து சேர்வதை மறதியின் அறிகுறி என்று இளையோர் நகைப்பதுண்டு. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு இதைத் தனியே எடுத்துக்கொண்டு விசாரித்தது. ஒருவரை வேறொருவர் பெயரால் அழைப்பது பெரும்பாலும் ஒரே வகுப்புக்குள்ளேயே நிகழ்கிறது: வீட்டாரை வீட்டார் பெயராலும், நண்பரை நண்பர் பெயராலும் மாற்றி அழைக்கிறோம். இளைஞர்களிடத்திலும் இது உண்டு. வீட்டு நாயின் பெயரும் அந்த வரிசையில் வந்துவிடுவதாகப் பலர் தெரிவித்தார்கள். அன்புக்குரியவர்கள் அனைவரையும் மூளை ஓரிடத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒருவரைத் தொட எண்ணினால் பக்கத்தில் இருப்பவர் மேலும் கைபடுகிறது. ஆச்சி தவறிச் சொன்ன பெயர்களே அவளுடைய பாசத்தின் வட்டம் எவ்வளவு என்பதைக் கூறிவிடுகின்றன.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கவலையைச் சொல்ல வேண்டும்.

நாவின் நுனியில் பெயர் நின்றுபோவதை ஆராய்ந்த டெபோரா பர்க் முதலியோர் 1991இல் கண்ட முடிவு இது: அவ்வாறு நின்றுபோகும் சொற்களில் மனிதர் பெயர்களே மிகுதி, வயது ஏற ஏற அது அதிகரிக்கிறது, பொருளிலிருந்து ஓசைக்குச் செல்லும் இணைப்பு, வயதாலும், வெகுநாள் பயன்படாதிருப்பதாலும் மெலிந்துபோவதே அதற்குக் காரணம். மனிதர் மறைந்துவிடவில்லை, அவரைப் பற்றிய அறிவும் குறையவில்லை. அவருக்கும் அவர் பெயரின் ஓசைக்கும் இடையிலுள்ள நூல் மட்டும், இழுக்கப்படாமல் கிடந்ததால் நைந்திருக்கிறது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2000இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: தேடப்படும் சொல்லின் அசைகளைக் கொண்ட வேறு சொற்களைச் சற்று முன்பு வாயால் உச்சரித்திருந்தால், நின்றுபோன சொல் எளிதில் வெளிவருகிறது. அப்படியானால் உச்சரிப்பே மருந்து என்றாகிறது. பார்ப்பதும் கேட்பதும் அந்த அளவு போதா.

நம் முதியோர் அந்த உச்சரிப்பைப் பயின்ற இடம் ஒன்றுண்டு. அம்பாள் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டியபடி நிற்கும் ஓர் ஆச்சியின் அருகே நின்று கேளுங்கள். குருக்கள், "பெயர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்கிறார். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு தொடங்குகிறாள்: மூத்த மகன் சங்கரலிங்கம், உத்திராடம், அவன் சம்சாரம் கோமதி, ரோகிணி, பெரிய பேரன் இன்னான், சித்திரை, மகள், மருமகன், அவர்கள் பிள்ளைகள், கோயம்புத்தூரில் இருக்கிற இளைய மகன் குடும்பம் என்று ஒருவரையும் விடாமல், ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய நட்சத்திரத்தோடு இணைத்து, வரிசை பிறழாமல் சொல்லி முடிக்கிறாள். குருக்கள் அவற்றை மறுபடியும் சங்கல்பத்தில் உச்சரிக்க, அவள் தலையசைத்தபடி ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறாள். பெயரோடு ஒரு பற்றுக்கோடு, வாய்விட்டுச் சொல்லுதல், சொன்னதைத் திரும்பக் கேட்டல், குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் செய்தல், அத்தனைக்கும் மேலாக அந்தப் பெயருக்குரியவரின் க்ஷேமத்தை வேண்டுகிற உணர்ச்சிப் பெருக்கு என்று, ஞாபக சக்தியை வளர்க்க மனோதத்துவ நிபுணர்கள் எவற்றையெல்லாம் கூறுகிறார்களோ அவை யாவும் அந்தச் சில நிமிஷங்களில் அமைந்திருக்கின்றன. ஆடி அமாவாசையன்று தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டியிருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இப்போது பூட்டனார் பெயர் தெரியாமல் விழிக்கிறவர்களே அங்கு அதிகம்.

அந்த வரிசையும் இப்போது குறைந்து வருகிறது. "குடும்பத்துக்கே பண்ணிருங்க சாமி" என்று ஒரே வாக்கியத்தில் பலர் முடித்துக்கொள்கிறார்கள். கூட்டம் மிகுந்த நாட்களில் வேறு வழியும் இல்லை. வேறு சிலர் பெயர்களைத் துண்டுக் காகிதத்திலோ கைப்பேசியிலோ எழுதி வந்து காட்டுகிறார்கள். கோயிலுக்கு வெளியிலும் அதே கதை. மருத்துவமனையில் பெயர் சொல்லி அழைத்த இடத்தில் எண் ஒளிர்கிறது, வங்கியிலும் அப்படியே. உறவினர் வீட்டுக்குப் பேச வேண்டுமானால், கைப்பேசியில் ஒரு படத்தைத் தொட்டால் போதும். அழைப்பு வரும்போதும் திரையே பெயரைக் காட்டிவிடுகிறது. பகல் முழுவதும் நூறு பேரோடு தொடர்புகொண்ட ஒருவர், இரவில் எண்ணிப் பார்த்தால், வாயால் உச்சரித்த பெயர்கள் பத்துக்கு மேல் இரா. நம் பெயரறிவில் பாதியாகிய கண்டறிதலுக்குத் தீனி மேன்மேலும் கிடைக்கிறது. மற்றப் பாதியாகிய எடுத்துச் சொல்லுதல் பட்டினி கிடக்கிறது.

இதைவிடப் பெரிய இடர், பிள்ளைகளுக்கு இப்போது இடப்படும் பெயர்களால் விளைகிறது. ஊரில் வேறெவருக்கும் இல்லாததாக, எண் கணிதத்துக்கு இசைந்ததாக, இரண்டே அசையில் முடிவதாக, வடநாட்டு எழுத்துகள் இரண்டொன்று கலந்ததாகத் தேர்ந்தெடுக்கப்படும் பெயரை ஆச்சியின் நா திருத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பார்கள் என்று அஞ்சி அவள் பெயர் சொல்லி அழைப்பதையே விட்டு, "எய்யா", "ஏட்டி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அந்தப் பெயரோடு இணைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு தெய்வமும் இல்லை, ஒரு மூதாதையும் இல்லை, அதே பெயருடைய வேறொரு மனிதரும் இல்லை. எழுபது வயதில், இணைப்புகள் தாமாகவே மெலியத் தொடங்கும் பருவத்தில், பற்றுக்கோடு சிறிதும் இல்லாத ஓசை ஒன்றை, வருஷத்துக்கு ஒரு முறை ஆடித் தபசுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகும் ஒரு குழந்தையின் முகத்தோடு பிணைத்து வைத்திருக்கும்படி அவளுடைய மூளையை நாம் கேட்கிறோம். இது நியாயமான கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை. தனித்த பெயரே எளிதில் மனத்தில் பதியும், பலருக்கும் பொதுவான பெயர்தான் குழப்பும் என்று வாதிப்பவர்களும் உண்டு. அவர்கள் வாதம் இளம் மூளைக்குப் பொருந்தலாம்.

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கக்கூடும் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. நகரங்களைவிடக் கிராமங்களில் அது அதிகம் என்றும் அது கூறுகிறது. பெயர் மறப்பது எல்லாம் இந்த நோய் அன்று. முதுமையில் பெயர் தாமதமாக வருவது இயற்கை. ஆயினும் நோயின் தொடக்கத்தை அறிவதற்கு வைத்தியர்கள் கவனிப்பவற்றுள், வீட்டாரின் பெயர்களும் நண்பர்களின் பெயர்களும் மறந்துபோகின்றனவா என்பதும் ஒன்று. மேல்நாட்டில் கல்வி கற்றவர்களுக்கென்று வகுக்கப்பட்ட சோதனைகள் நம் கிராமத்து முதியோருக்கு அப்படியே பொருந்தமாட்டா என்பதை உணர்ந்து, எழுத்தறிவில்லாதவர்களுக்கும் ஏற்ற முறைகளை உருவாக்கும் உலகளாவிய ஆராய்ச்சியில் நம் சென்னையும் வேலூரும் பங்கு பெற்றன. அந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு '10/66' என்று பெயர். குழு அமைந்த காலத்தில் மறதி நோயுடையோரில் 66 சதவீதத்தினர் வாழ்ந்த வளரும் நாடுகளில், அதைப் பற்றிய ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட நடக்கவில்லை என்ற உண்மையை நினைவூட்டும் பெயர் அது.

ஆகையால், பேரன் பெயரைச் சொல்ல ஆச்சி தடுமாறுகிறாள் என்று கலங்கித் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பிள்ளைகள், பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை மட்டும் வைத்தியரிடம் சொல்லி, அதை அவள் மறந்துவிட்டதாகக் குறிக்கச் செய்தல் ஆகாது. அந்தப் பெயரை அவள் என்றைக்காவது வாயாரச் சொல்லிப் பழகியிருந்தாளா, அவனை அவள் ராசா என்று அழைத்து வந்தாளா, சங்கரன் என்று தன் கணவர் பெயரை இட்டு ரகசியமாய் அழைத்து வந்தாளா என்பதையும் விசாரித்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அர்ச்சனையில் அவள் சொல்லி வந்த வரிசை வீட்டில் யாருக்கேனும் தெரியுமானால், அதைத் தொடங்கிக் கொடுத்துப் பார்க்கும்படியும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம். மூத்த மகன் பெயரிலும் உத்திராடத்திலும் தொடங்கினால், அவள் எத்தனை பேர்வரை தானாகச் சென்று சேர்கிறாள் என்பது, அறிமுகமில்லாத ஐந்து சொற்களைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வதைவிட, அவளுடைய நிலையை அவருக்குச் சரியாகத் தெரிவிக்கும் என்றே நான் நம்புகிறேன்.